மேலண்ணத்து வரிகள்

முதலில், பக்கெட்டில் இருந்த தண்ணீரைச் சளாரென்று கவிழ்க்கிற சத்தம். அப்புறம் காலி பக்கெட்டின் அடியில் குழாய்த் தண்ணீர் விழுந்து தடதடக்கிற சத்தம். கண்ணின் மேல் ஈரத் துண்டு கிடக்கிறது, எதுவும் தெரியவில்லை, தெரிய வேண்டியதும் இல்லை, காது போதும். ராத்திரி வேலைக்காரனுக்குப் பகல் என்பது வெறும் சத்தம்தான். கீரைக்காரம்மா, எதிர்வீட்டுக் குக்கர், பள்ளிக்கூட வேன் பின்னால் வரும்போது போடுகிற பாட்டு, மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் இந்தக் குழாய். எத்தனை மாதமாக இதைத் தாலாட்டு மாதிரிக் கேட்டுத் தூங்கியிருக்கிறேன். மிருதுளா முகம் கழுவுகிறாள், மிருதுளா கால் கழுவுகிறாள், காலை ஷிப்ட் காலேஜ் முடிந்து சாப்பாட்டுக்கு வந்துவிடுகிற பிள்ளை, சுத்தமாக இருக்கிறாள் என்று. ஒரு தடவை படுத்த இடத்திலிருந்தே கத்தினேன், "தண்ணியத் தொறந்து வுட்டுட்டு அங்க என்ன கண்ணு பண்ற, சிறுவாணித் தண்ணி என்ன தெனமுமா வருது?" என்று. உள்ளேயிருந்து "மூஞ்சி கழுவறனுங்ப்பா" என்று வந்தது, கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் கரகரத்து. சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தேன். நிறைந்த பக்கெட்டை யாராவது கவிழ்த்துவிட்டுக் குழாயைத் திறப்பார்களா. நிறைந்த பக்கெட்டில் விழுகிற தண்ணீருக்குச் சத்தம் கிடையாது, சும்மா முனகும். காலி பக்கெட்தான் வீடு முழுக்க இரையும். பம்ப் கம்பெனியில் அத்தனை வருஷம் தண்ணீர் எங்கே மோதும், எங்கே இரையும் என்று படம் போட்டவன் நான், இது மட்டும் மண்டையில் ஏறவில்லை. இன்றைக்கு ஏறுகிறது. காலையில் அந்தச் சிவப்பைப் பார்த்தபிறகு எல்லாமே ஏறுகிறது. துண்டை இறுக்கி அழுத்தினால் கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது, அதுவும் சிவப்பாகத்தான் பறக்கிறது. மேல்வரிசை, முன்பற்கள், உள்பக்கம், நாக்கு தொடுகிற பக்கம். வெளியே நின்று பார்த்தால் முத்து மாதிரிச் சிரிப்பு.

பல் என்றால் எனக்கு என்ன தெரியும். பம்ப் கம்பெனியில் ஆள் குறைத்தபோது, கம்ப்யூட்டரில் படம் போடத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காகப் பீளமேட்டில் ஒரு மாடி ஆபீசில் இந்த வேலை கிடைத்தது. எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பல் டாக்டர்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நோயாளியின் வாயைக் கேமராக் குச்சியால் துழாவிப் படமெடுத்து அனுப்புவார்கள். பழைய படத்தின் மேல் புதிய படத்தை உட்காரவைத்து, எங்கே என்ன மாறியிருக்கிறது என்று நாங்கள் நிறம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். மாறாத இடம் பச்சை. தேய்ந்த இடம் சிவப்பு. நடுவில் மஞ்சள், வந்தும் வராத மாதிரி. பேர் கிடையாது, எண்ணும் வயசும்தான். பேரில்லாத வாய்களோடு இத்தனை ராத்திரி கழிந்தால் மனுஷனுக்கு ஏதோ ஆகிறது, நானாக ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்வேன். இவன் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான், பக்கத்தில் படுத்தவள் பாவம். இவருக்கு ஒரு பக்கம் மென்று மென்றே ஆயுள் போய்விட்டது. பக்கத்து நாற்காலி ஆரோக்கியசாமி சொல்வான், "திருமூர்த்தியண்ணா, நீங்க ஜாதகம் பாக்கறீங்களா, பல்லுப் பாக்கறீங்களா? பச்சை வந்துதா, அனுப்புங்க, அடுத்ததை எடுங்க." அவன் சொல்வதும் சரிதான், மாடியில் எல்லாரும் அப்படித்தான், ஒரு பொத்தான் இருக்கிறது, அமுக்கினால் இரண்டு படத்தையும் மிஷினே மொத்தமாகப் பொருத்திவிடும். எல்லாப் புள்ளியையும் எல்லாப் புள்ளியோடும் இழுத்துப் பிடித்துச் சமாதானமாக உட்காரவைக்கும். அங்கேதான் வினை. ஓரிடத்தில் நிஜமாகத் தேய்ந்திருந்தால், அந்தக் குறையை அது வாய் முழுக்கப் பங்கு போட்டுவிடும், எல்லாப் பல்லுக்கும் ஒரு இம்மி, யாருக்கும் வலிக்காமல். பார்த்தால் பச்சை, அங்கங்கே லேசாக மஞ்சள் பூத்த பச்சை. மிருதுளாவின் படத்தை நான் போன வாரம் அப்படித்தான் பொருத்தினேன். என் மகள் வாயை, என் கையால், பொத்தானை அமுக்கி. பல்லை நேராக்கப் போட்ட கிளிப்பைக் கழற்றின அன்றைக்கு எடுத்த படம் ஒன்று, கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று போன மாதம் போனபோது எடுத்தது ஒன்று. இங்கே அவளுக்குப் பார்க்கிற பல் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே பென் டிரைவைக் கொடுத்தார், "உங்க தொழிலே இதுதானே, ஒருக்கா பொருத்திப் பார்த்துட்டுக் கொண்டாங்க, சேர்ந்து பார்க்கலாம்." பச்சை வந்தது. வீட்டுக்கு வந்து மனைவி சாந்தாமணியிடம் சொன்னேன், "புள்ளைக்கு ஒண்ணுமில்ல, அத்தனையும் பச்சை." அவள் ஜவுளிக்கடை வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் சேலையைக் குத்திக்கொண்டே, "பின்ன, அவ பல்லுக்கு என்ன, திங்கறதெல்லாம் எங்க போகுதுன்னுதான் தெரியல, ஒடம்பே ஏறமாட்டீங்குது, குடுத்து வெச்சவ" என்றாள். குடுத்து வெச்சவ. தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது. பக்கெட் பாதி நிறைந்திருக்கும், சத்தம் கனத்துவிட்டது.

மொச்சை வேறு ஹாலில் அப்படியே கிடக்கிறது. ராத்திரியே சாந்தாமணி ஊறவைத்திருந்தாள், "படுக்கறதுக்கு மிந்தி பிதுக்கி வெச்சிருங், வந்து குழம்பு வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாதி பிதுக்கினேன், மீதியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சாப்பிடும்போது மிருதுளாவைப் பார்த்தேன், பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். பரீட்சைக்கு லீவு விட்டதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறாள், புத்தகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள். சோறு, பருப்பு, மறுபடி சோறு, ரசம், மறுபடி. வேகமாக, ருசி பார்க்காமல், பஸ்ஸுக்கு நேரமான மாதிரி. முன்பெல்லாம் இதைப் பார்த்தால் வயிறு குளிரும். இன்றைக்கு ஒவ்வொரு கவளமும் உள்ளே போய் எங்கே உட்காரப்போகிறது, எவ்வளவு நேரம் உட்காரப்போகிறது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன், அப்பன் செய்கிற வேலையா அது. "என்னுங்ப்பா பாக்கறீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல கண்ணு, மோர் ஊத்திக்க" என்றேன். மோர் ஊத்திக்க. காலையில் அலுவலகத்தில் அந்த மஞ்சள்தான் என்னை விடவில்லை. வாய் முழுக்க ஒரே அளவு மஞ்சள் எப்படி வரும், ஒருத்தி வாயில் எல்லாப் பல்லும் பேசிவைத்துக்கொண்டா தேயும்? எல்லாரும் கிளம்பிவிட்டார்கள், கூட்டுகிற அம்மா பெஞ்சுக்கடியில் துடைப்பத்தை விட்டுக்கொண்டிருந்தது, "காலைத் தூக்குங் சாமி" என்றது. காலைத் தூக்கிக்கொண்டே மறுபடி பொருத்தினேன். இந்த முறை பொத்தானைத் தொடவில்லை. வாயில் மாறாத இடம் என்று ஒன்று இருக்கிறது, மேலண்ணத்தில், முன்பல்லுக்குப் பின்னால், நாக்கு நுனி போய் முட்டுகிற இடத்தில், வாய்க்கால் மணலில் தண்ணீர் போட்டுவிட்டுப் போன அலை மாதிரிச் சில வரிகள். பல் தேயும், விழும், நகரும், அந்த வரிகள் அநேகமாக அப்படியே இருக்கும். பழைய வரியின் மேல் புது வரியை மட்டும் வைத்து, ஒவ்வொன்றாக, அங்கே மட்டும் ஆணி அடித்துவிட்டு, மற்றதையெல்லாம் அதனதன் இஷ்டத்துக்கு விட்டேன். பச்சை. பச்சை. கடைவாய் பச்சை. பிறகு முன்பற்களுக்கு உள்ளே சிவப்பு வந்தது. நாலு பல்லுக்கும், வாழைப்பழத்தை உள்ளிருந்து கரண்டியால் வழித்த மாதிரி. முன்னால் தொட்டால் சுவர் நிற்கிறது, பின்னால் இல்லை.

அந்தச் சிவப்பை நான் முன்னமே பார்த்திருக்கிறேன். பேரில்லாத ஒரு வாய், வயசு மட்டும் பத்தொன்பது, இதே இடம், இதே உள்பக்கம். அந்த டாக்டர் கீழே இரண்டு வரி எழுதியிருந்தார், ஒரு வார்த்தை புரியாமல் அகராதியில் தேடினேன், எனக்கு இங்கிலீஷ் எல்லாம் அப்படி வந்ததுதான். தானே விரலை விட்டு வாந்தி எடுப்பது. வயிற்று அமிலம் ஏறிவந்து முன்பல்லின் முதுகைத் தின்கிறது. அப்போது நினைத்தேன், பாவம் அந்த ஊர்ப் பிள்ளைகள், எல்லாம் இருந்தும் என்ன என்று. பெரிய மனுஷத்தனமாகப் பாவப்பட்டேன். அன்றைக்கே வீட்டில் இந்தக் குழாய் திறந்திருந்ததோ என்னவோ. தேடியபோது இன்னொன்றும் போட்டிருந்தது, பல்லோடு போகாதாம், உடம்பில் உப்பு குறைந்து நெஞ்சு துடிப்பைத் தவறவிடுமாம், நன்றாக இருக்கிற பிள்ளை நின்ற இடத்தில் விழுமாம். குளியலறைத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது. சத்தம் இப்போது மூழ்கிவிட்டது, பக்கெட் நிறைந்து வழிகிறது, தரையில் ஓடுகிறது, இவ்வளவு நேரம் ஆகுமா, முன்பெல்லாம் எவ்வளவு நேரம் ஆனது, தூங்கிவிடுவேன், தெரியாது. போய்க் கதவைத் தட்டு. தட்டி என்ன சொல்வாய். 'கண்ணு, அப்பாகிட்ட ஏதாச்சும் சொல்லோணுமா' என்று கேட்டால் இல்லீங்ப்பா என்பாள், அதோடு முடிந்தது. 'ஏன் இப்படிப் பண்ற' என்றால், ஏன் என்ற சொல் வாயை விட்டு வரும்போதே அவள் முகம் சாத்திக்கொள்ளும், சின்னதில் பூரான் கடித்ததையே ஒரு நாள் முழுக்க மறைத்து வைத்திருந்தவள், ஏன் பார்த்துப் போகலைன்னு திட்டுவீங்க என்று. அப்புறம் இங்கே எடுக்கமாட்டாள், காலேஜில் எடுப்பாள், அங்கே எனக்குக் காது கிடையாது. பொள்ளாச்சிக் கல்யாணம் ஞாபகம் வருகிறது, ஏன் இப்போது வருகிறது, இப்போதுதான் வரும். கிளிப் கழற்றிய புதிது, பிள்ளை வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு திரிந்தாள். பந்தியில் சாந்தாமணியின் பெரியப்பா மகன் இலையைப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார், "ஏஞ் சாந்தாமணி, உம்புள்ளைக்குப் பந்தி வெக்கோணும்னா தனியா ஒரு மண்டபம் புடிக்கோணுமாட்ட இருக்குது!" வரிசை முழுக்கச் சிரித்தது. பரிமாறுகிறவன் கூட ஜாங்கிரித் தட்டோடு நின்று சிரித்தான். மிருதுளாவும் சிரித்தாள், எல்லாரையும்விட ஜாஸ்தியாக, அந்தப் புதுப்பல் அத்தனையும் தெரிய. நான் சிரித்தேனா. இலையை மடித்தேன், அது தெரியும். அவள் கை கழுவப் போனாள், நல்ல பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். அன்றைக்குப் பிறகு வீட்டில் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் மாறினோம். அவள் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள், சாந்தாமணிக்குக் கடையில் நேரம் கூடியது, நான் பகலில் இன்னும் இருட்டாக வேண்டும் என்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தேன். எல்லாரும் ஒரு இம்மி ஒரு இம்மி நகர்ந்தால் யார் நகர்ந்தது என்று தெரிவதில்லை. பச்சையாகத்தான் இருந்தது வீடு.

துண்டை எடுத்துவிட்டேன். இருட்டு. கால் தரையில் பட்டதும் குளிர்கிறது, மார்கழி இல்லையா. ஹாலைத் தாண்டும்போது மொச்சைத் தட்டம், பிதுக்கின பருப்பு ஒரு பக்கம் பளபளவென்று, பிதுக்காதது ஒரு பக்கம் தோல் சுருங்கி. குளியலறைக் கதவுக்கு வெளியேதான் வாஷ்பேசின், அதற்கு மேலே கண்ணாடி, கண்ணாடியில் நான், பனியனோடு, தூங்காத முகத்தோடு, திருடனைப் பிடிக்க வந்த வாட்ச்மேன் மாதிரி. இந்த முகத்தையா அவள் முதலில் பார்க்க வேண்டும். கையைத் தூக்கினேன், தட்டவில்லை. உள்ளே தண்ணீருக்கு அடியில் ஒரு இருமல். உயிரோடு இருக்கிறாள். அப்படித்தான் தோன்றியது, வேறெதுவும் தோன்றவில்லை, உயிரோடு இருக்கிறாள். குழாய் நின்றது. நின்றதும் வீடு எவ்வளவு அமைதி என்று தெரிந்தது, எதிர்வீட்டு டிவியில் யாரோ அழுகிறார்கள். வாய் கொப்பளிக்கிற சத்தம். தாழ்ப்பாள். நான் பின்னால் நகர்ந்து, வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தேன். முகம் கழுவிய மிருதுளா வந்தாள், கண் சிவந்து, மூக்கு நுனி சிவந்து, அத்தனையும் நான் பார்த்த சிவப்புதான். என்னைக் கண்டதும் ஒரு கணம் நின்றாள். "தூங்கலீங்ளாப்பா?" என்று கேட்டுக்கொண்டே, கை பழக்கத்தில் டம்ளரில் இருந்த பிரஷ்ஷை எடுத்துவிட்டது, பேஸ்ட் மூடியைத் திருகிவிட்டது. ஒத்திகை பார்த்த ஒரு வாக்கியமும் வரவில்லை. வாயில் வந்தது இதுதான்.

"இப்ப வெளக்காத கண்ணு. அரை மணி நேரம் போகட்டும். சும்மா தண்ணி வுட்டு நல்லாக் கொப்பளிச்சுக்க."

"ஏனுங்ப்பா?"

"பல்லு மேல்தோலு இப்ப எளகியிருக்கும். தேச்சா அதும் சேந்து போயிரும்."

பேஸ்ட் பிரஷ்ஷின் மேல் பாதி வந்து நின்றது. அவள் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள், என்னைப் பார்க்காமல். "எதுக்கப்புறம்?"

சாப்பிட்டதுக்கு அப்புறம் என்று சொல்லிவிடலாம். அவள் அதற்குத்தான் கேட்கிறாள், கதவை அவளே கொஞ்சம் திறந்து வைத்து, வேண்டுமானால் இப்படி வெளியே போய்விடுங்கள் என்று எனக்கு வழிவிடுகிறாள். சொன்னால் இரண்டு பேரும் தப்பிக்கலாம். ஒரு பொத்தான். மொத்தமாகப் பொருத்திவிடும்.

"வாந்தி எடுத்ததுக்கப்புறம்," என்றேன்.

அவள் பிரஷ்ஷை டம்ளரில் வைக்கப் பார்த்தாள், டம்ளர் சாய்ந்து பேசினுக்குள் உருண்டது, உருண்டு உருண்டு ஒருவழியாக நின்றது. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கோபம்தான் வந்தது. "அம்மா சொன்னாங்ளா? எட்டிப் பாத்தீங்ளா? ஒரு பாத்ரூமுக்குக் கூட நிம்மதியாப் போக முடியாதா இந்த வீட்ல?" "யாரும் சொல்லல கண்ணு. அந்த ரெண்டு ஸ்கேனை வெச்சுப் பாத்தேன்." "அது பச்சைன்னு சொன்னீங்க. அம்மாகிட்டச் சொன்னது கேட்டுச்சு எனக்கு." "தப்பாப் பொருத்தீட்டேன்," என்றேன். "மறுபடி வெச்சுப் பாத்தேன், இன்னிக்குக் காலைல." சொல்லும்போது என் குரல் ஏன் அலுவலகத்துக் குரலாக வருகிறது. அவள் நாக்கு உள்ளே முன்பல்லின் முதுகைப் போய்த் தடவுவது தாடை அசைவில் தெரிந்தது. பிறகு சுவரில் சாய்ந்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள், ஈரத் தரையில், துப்பட்டா நனைய. நானும் உட்கார்ந்தேன், முழங்கால் படக்கென்றது. "கூடச் சாப்பிடற மாதிரி இருந்தா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்கப்பா," என்றாள், வேறு யாரைப் பற்றியோ சொல்கிற மாதிரி. "வேண்டாம்னு சொன்னாத்தான் கேப்பாங்க." நான் தலையை ஆட்டினேன். "நிறுத்தலாம்னுதான் பாக்கறேன். திங்கக்கெழமை நிறுத்தலாம், பரீட்சை முடிஞ்சு நிறுத்தலாம்னு. கை தானாப் போவுதுங்ப்பா." அந்தக் கையைப் பார்த்தேன், நடுவிரல் மடங்குகிற மொளியில் பல் பட்டுக் காய்ப்பு. பேனா பிடித்து வந்தது என்று இத்தனை நாள் நினைத்தது.

என்ன சொல்லலாம். அந்தப் பேரில்லாத பத்தொன்பது வயசைத்தான் சொன்னேன், வேறு எனக்கு என்ன தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை, ஆணா பொண்ணா தெரியாது, உன்னாட்டவே, உன்னைவிட ஜாஸ்தி சிவப்பு. அந்த வாய் மறுபடி வந்தது, ஆறு மாதம் கழித்து, அதுக்கப்புறம் இன்னொரு ஆறு மாதம். "ஒரு தடவை கொஞ்சம் செவப்பு. அடுத்த தடவை பச்சை." "பல்லு மறுபடி வளந்துருச்சுங்ளா?" என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி. பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி வந்தது, போய்விட்டது. "இல்ல கண்ணு. போனது போனதுதான். பச்சைன்னா, போறது நின்னுருச்சுன்னு." அவள் அதை யோசித்தாள். வாய்க்குள் நாக்கு மறுபடி நகர்ந்தது. "யாரு நிறுத்துனாங்க?" "தெரியல. தனியா நிறுத்தல, அது மட்டும் தெரியும், அந்த டாக்டர் வேற ஒரு டாக்டர்கிட்ட அனுப்பியிருந்தாரு, மனசுக்குப் பாக்கறவங்க." "பைத்தியத்துக்கா?" "பல்லு வலிக்குப் போறாப்புலதான். நானும் வந்து வெளிய பெஞ்சுல உக்காந்துக்கறேன்." "நீங்க தூங்கீருவீங்க பெஞ்சுல," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கொறட்டை வேற வுடுவீங்க, மானம் போயிரும்." "போகட்டும் வுடு." சிரித்த மாதிரி ஒன்று வந்தது, வாயை மூடிக்கொண்டே. எத்தனை மாதமாக வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறாள். "அம்மாகிட்டச் சொல்லாதீங்கப்பா." இதுதான் முள். சொல்லமாட்டேன் என்றால் அவளோடு சேர்ந்து நானும் குழாயைத் திறந்துவிட்டவன் ஆவேன். "சொல்லித்தான் ஆகோணும் கண்ணு. நீ சொன்னாலுஞ் சரி, நான் பக்கத்துல உக்காந்து நீ சொன்னாலுஞ் சரி. இன்னைக்கே வேணுங்கறதில்ல. டாக்டரம்மாவுக்கு மட்டும் சாயங்காலம் போன் பண்ணீரலாம், யார்கிட்டப் போறதுன்னு அவங்களுக்குத் தெரியும்." அவள் எழுந்து, கவிழ்ந்த டம்ளரை எடுத்து நிமிர்த்தி, பிரஷ்ஷில் இருந்த பேஸ்ட்டைக் குழாயில் காட்டிக் கழுவினாள், மெதுவாக, பாதி திறந்த குழாயில், சத்தமே வராமல். இரண்டு தடவை தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பினாள். பிரஷ்ஷை டம்ளரில் போட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். கதவு சாத்துகிற சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

எவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேனோ, வேட்டியின் பின்பக்கம் முழுக்க ஈரம். படுத்தால் தூக்கம் வராது, ராத்திரி வேலையில் தலை சுற்றும், சுற்றட்டும். சரியாகப் பேசினேனா, ஏதாவது ஒரு வார்த்தை போய் எங்கேயாவது குத்தியிருக்குமா, மேல்தோலு என்று சொன்னது பரவாயில்லையா, நாளைக்கும் சாப்பாட்டுக்கு அப்புறம் என் காது தானாகக் குழாயைத் தேடுமே, தேடிக்கொண்டே இருக்குமே, அதை என்ன செய்வது. ஹால் ஜன்னலிலும் அடித்திருந்த கறுப்புத் துணியின் ஒரு மூலையை ஆணியிலிருந்து எடுத்துவிட்டேன். வெயில் ஹாலில் நீளமாக விழுந்தது, தட்டத்தின் விளிம்பு வரைக்கும். உட்கார்ந்து மொச்சையை எடுத்தேன். ஊறின கொட்டை, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து லேசாக அமுக்கினால் போதும், தோல் கையில் நிற்கும், பருப்பு தட்டத்தில் போய் விழும். கொஞ்ச நேரத்தில் அவள் புத்தகத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். புத்தகத்தைப் பிரித்துத் தொடையில் வைத்துக்கொண்டாள், ஒரு கை மட்டும் தட்டத்துக்கு நீண்டது. "அரை மணி நேரம் ஆயிருச்சுங்ளா?" என்று கேட்டாள், புத்தகத்திலிருந்து நிமிராமல். "இன்னுங் கொஞ்சம் போகட்டும்," என்றேன். அவள் விரலிலிருந்து ஒரு பருப்பு நழுவித் தட்டத்தில் விழுந்தது. நான் அடுத்த மொச்சையை எடுத்தேன்.